ஒரே மழைக்கு இரண்டு மாடல்கள், இரண்டு பதில்: ஆப்பிள் சொறிநோய் எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

பச்சைநுனி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பருவம் முதல் ஆப்பிள் தோட்டத்தில் சிறிய வானிலை நிலையம் ஒன்று வைத்திருக்கிறேன். வெப்பநிலை, மழை, காற்றின் ஈரப்பதம், இலை ஈரம் நான்கையும் பதிவு செய்கிறது. அந்தத் தரவை, தொற்று வருமா என்று கணிக்கும் இரண்டு சொறிநோய் மாடல்களில் கொடுத்துப் பார்க்கிறேன். நேற்றிரவு பெய்த மழைக்கு ஒன்று "தொற்றுக்காலம்" என்று சிவப்பில் காட்டுகிறது. இன்னொன்று "தொற்று இல்லை" என்கிறது.

மரங்கள் இளஞ்சிவப்பு மொட்டு நிலையில் இருக்கின்றன. மழை இரவு 8 மணிக்குத் தொடங்கியது, விட்டுவிட்டுப் பெய்தது, விடிந்த பிறகும் கொஞ்சம் தூறியது. சென்சார்படி இலை காலை 9 மணிக்குக் காய்ந்தது. ஆக 13 மணி நேர ஈரம். சராசரி வெப்பநிலை 11 டிகிரி செல்சியஸ். கடைசியாகப் பாதுகாப்பு மருந்து அடித்தது போன வாரம். அதற்குப் பிறகு புது இலைகள் நிறைய விரிந்துவிட்டன.

ஒரே தரவுக்கு எப்படி இரண்டு முடிவுகள் வரும்? நான் எதை வைத்து முடிவெடுப்பது?

ஈரமானி எழுதியது:

பச்சைநுனி, இரண்டு மாடல்களும் தவறு செய்யவில்லை. ஒரே மழையை அவை வெவ்வேறு மணியிலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. அது ஏன் என்று புரிய, கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

சொறிநோயை உண்டாக்கும் வென்டூரியா இனீக்குவாலிஸ் என்ற பூஞ்சை, சென்ற ஆண்டு உதிர்ந்த இலைகளில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் அந்தச் சருகுக்குள் அஸ்கோஸ்போர் என்ற வித்துகள் முதிர்கின்றன. மழை சருகை நனைத்ததும் அவை காற்றில் வீசப்பட்டு இளம் இலைகளில் வந்து படிகின்றன. இலை ஈரமாகவே இருந்தால் முளைத்து மேல்தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகின்றன. அதற்குள் இலை நன்றாகக் காய்ந்தால் பெரும்பாலானவை அத்தோடு சரி. உள்ளே போக எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. சொறிநோய் மாடல்கள் அத்தனைக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு உறவுதான்.

இதை முதலில் அட்டவணையாகத் தந்தவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மில்ஸ். 1944-இல் வந்த அவருடைய அட்டவணை, தோட்டத்தில் நேரில் பார்த்ததை வைத்து எழுதப்பட்டது. 16 முதல் 24 டிகிரி வரை ஏறத்தாழ 9 மணி நேர ஈரம் இருந்தால் லேசான தொற்று. 10 டிகிரியில் 14 மணி நேரம். குளிரக் குளிர நேரம் நீளும். இன்றும் எல்லோரும் "மில்ஸ் காலம்" என்று சொல்வது இதிலிருந்து வந்தது.

1989-இல் மக்ஹார்டியும் கடூரியும் இதைத் திரும்ப ஆராய்ந்தார்கள். இரண்டு விஷயங்கள் தெளிவாயின. ஒன்று, அஸ்கோஸ்போர் உள்ளே போக மில்ஸ் சொன்னதைவிட ஏறத்தாழ 3 மணி நேரம் குறைவாகவே போதும். இரண்டு, அஸ்கோஸ்போர்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில்தான் வெளியேறுகின்றன. இரவு மழையில் கொஞ்சமே வெளியேறும். மில்ஸ் மழை தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணினார். இரவு மழையில் பெரும்பாலான வித்துகள் விடிந்த பிறகே பறந்திருக்கும், ஆகவே அவருடைய கணக்கில் வீணான மணி நேரங்கள் சேர்ந்துகொண்டன. 3 மணி நேர வித்தியாசத்துக்கு இது முக்கியக் காரணம்.

1997-இல் ஸ்டென்ஸ்வாண்ட், கடூரி, சீம் முதலியோர் குளிர்ப் பகுதியைத் திருத்தினார்கள். இன்று பரவலாகப் பயன்படும் திருத்திய அட்டவணையில் 16 முதல் 24 டிகிரிக்கு 6 மணி நேரம், 11 டிகிரிக்கு 9, 8 டிகிரிக்கு 13, 5 டிகிரிக்கு 21, 2 டிகிரிக்கு 35. குளிரில் நோய் வராது என்று நினைப்பவர்கள் கடைசி எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும். 2 டிகிரியில்கூடத் தொற்று நடக்கும், ஒன்றரை நாள் ஈரம் கேட்கும், அவ்வளவே.

சரி, உங்கள் மழைக்கு வருவோம். 11 டிகிரி, தேவை 9 மணி நேரம். முதல் மாடல் இரவு 8 மணியிலிருந்து எண்ணுகிறது: 13 மணி நேரம், தொற்று. இரண்டாவது விடியல் 6 மணியிலிருந்து எண்ணுகிறது: 3 மணி நேரம், தொற்று இல்லை. மாடலின் அமைப்புகளைத் திறந்து பாருங்கள், இரவு மழைக்கான விதி இருக்கிறதா இல்லையா என்று எங்கேனும் சொல்லியிருப்பார்கள்.

பச்சைநுனி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. பார்த்தேன், நீங்கள் சொன்னபடியேதான் இருக்கிறது. அப்படியானால் இரண்டாவது மாடலை நம்பி இந்த மழையை விட்டுவிடலாமா?

சருகுக்குவியல் எழுதியது:

அவசரப்பட வேண்டாம் தம்பி. ஈரமானி சொன்ன இரவு விதி உண்மை. ஆனால் அது "இரவில் வித்து வெளியேறவே வெளியேறாது" என்று சொல்லவில்லை. ஒரு சிறிய பங்கு வெளியேறும். சிறிய பங்கு என்றால் எதில் சிறிய பங்கு என்பதுதான் கேள்வி. சென்ற ஆண்டு உங்கள் தோட்டம் சுத்தமாக இருந்திருந்தால், கொஞ்சத்தில் ஒரு துளி, கவலை இல்லை. சென்ற இலையுதிர் காலத்தில் இலைகள் கருத்த புள்ளிகளோடு உதிர்ந்திருந்தால், சருகில் இருக்கும் வித்துகளின் எண்ணிக்கை கோடிக்கணக்கில் போகும். அதில் சிறிய பங்கே ஒரு தோட்டத்துக்குப் போதும். அதனால்தான் நோய் அதிகம் இருந்த தோட்டங்களில் இரவு விதியைப் பயன்படுத்தாமல் மழை தொடங்கியதிலிருந்தே எண்ணச் சொல்கிறார்கள்.

எனக்கு இந்த மாடல்களில் உள்ள பெரிய குறை இதுதான். "லேசான", "நடுத்தர", "கடுமையான" என்று மூன்று படிகள் காட்டுகின்றன. படிப்பவர் அதைத் தன் தோட்டத்தில் வரப்போகும் நோயின் அளவு என்று எடுத்துக்கொள்கிறார். அது அப்படி இல்லை. வித்து ஏராளமாக இருந்தால் எவ்வளவு தொற்றும் என்பதன் படிகள் அவை. உங்கள் மரத்தடியில் எவ்வளவு வித்து இருக்கிறது என்று எந்த வானிலை நிலையத்துக்கும் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது? இலை உதிர்வதற்கு முன் மரம் மரமாகப் போய் புள்ளி விழுந்த இலைகளை எண்ணும் முறை இருக்கிறது. மக்ஹார்டி அதிலிருந்து, அடுத்த வசந்தத்தில் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு அஸ்கோஸ்போர் வரும் என்று கணிக்கும் வழியை உருவாக்கினார். வித்து குறைவு என்று தெரிந்த தோட்டத்தில் பருவத்தின் முதல் மருந்தைத் தள்ளிப்போட முடிந்தது. அதோடு வித்தைக் குறைக்கும் வேலையும் செய்யலாம்: உதிரும் தறுவாயில் இலைகளுக்கோ உதிர்ந்த சருகுக்கோ 5 சதவீத யூரியா கரைசல் தெளித்தால் சருகு சீக்கிரம் மட்கும், பூஞ்சையின் வித்துக்கூடுகளும் சரியாக உருவாகா. சருகைப் பொடியாக அரைத்துவிடுவது இன்னும் பலன் தரும், வரிசைக்கு அடியில் கிடப்பதையும் வாரி எடுத்து அரைத்தால்.

சென்ற ஆண்டு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.

பச்சைநுனி எழுதியது:

சென்ற ஆண்டு மேட்டுப் பகுதியில் அநேகமாக ஒன்றும் இல்லை. கீழே பள்ளமான பகுதியில் பழங்களிலேயே புள்ளி இருந்தது. யூரியா தெளிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிலையம் மேட்டுப் பகுதியில்தான் இருக்கிறது. இன்று காலை 9 மணிக்குச் சென்சார் "காய்ந்தது" என்றபோது பள்ளத்தில் போய்ப் பார்த்தேன். மரத்தின் உள்பக்கத்து இலைகளில் அப்போதும் நீர் நின்றது.

கம்பித்தகடு எழுதியது:

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். இந்த மாடல்களில் வெப்பநிலை அளவீடு அநேகமாகச் சரியாக இருக்கும், மழைமானியும் பரவாயில்லை. எல்லாப் பிழையும் இலை ஈரத்தில்தான் குவிகிறது. காரணம், "ஈரம்" என்பதற்கு ஒரே அளவு கிடையாது. மரத்தின் உச்சி காய்ந்து பல மணி நேரம் கழித்தும் உள்பக்கம் ஈரமாக இருக்கலாம். சென்சார் என்பது இலையைப் போல நடிக்கும் ஒரு தகடு. அதன் மேல் நீர் எப்போது வந்தது, எப்போது போனது என்பதை மட்டும் சொல்லும்.

சில விஷயங்களைச் சரிபாருங்கள். தகடு படுகிடையாக இருந்தால் நீர் தேங்கி நேரம் நீளும். கிடைமட்டத்திலிருந்து 30 முதல் 45 டிகிரி வரை சாய்த்து, நேர் வெயில் குறைவாகப் படும் திசையை நோக்கி வைப்பது வழக்கம். மின்கம்பி வலை உள்ள வகை என்றால் அதன் மேல் லேடெக்ஸ் பெயின்ட் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு இல்லாத தகட்டில் சின்னச் சின்னத் துளிகள் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிவாகாமலே போகும், பனி தொடங்கும் நேரம் தவறிவிடும். மருந்துப் படிவும் தூசியும் சேர்ந்தால் காய்ந்த தகடும் ஈரம் என்று சொல்லும், ஆகவே அவ்வப்போது துடைக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், "எந்த எண்ணுக்கு மேல் ஈரம்" என்ற வரம்பு. தயாரிப்பாளர் வைத்த வரம்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். மழை நின்று காயும் ஒரு காலையில் மரத்துக்கு அருகில் நின்று, இலைகளில் நீர் மறையும் நேரத்தையும் சென்சார் காட்டும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். சில காலைகளில் இதைச் செய்தாலே உங்கள் வரம்பு எங்கே இருக்க வேண்டும் என்று தெரியும்.

சென்சார் இல்லாதவர்கள் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நேரத்தை ஈர நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றுமே இல்லாததற்கு இது நல்லது. ஆனால் ஈரப்பத சென்சார் 90-க்கு மேல் போகும்போதுதான் அதிகம் தவறும். ஆண்டுக்கணக்கில் மாற்றாத சென்சார் என்றால் இன்னும் மோசம். 88-ஐ 92 என்று காட்டினால் ஒரு முழு இரவு ஈர நேரமாகிவிடும்.

உங்கள் தோட்டத்துக்கு இரண்டாவது ஈர சென்சார் ஒன்றைப் பள்ளத்தில், மரத்துக்குள் வையுங்கள். முடிவை அதைக் கொண்டு எடுங்கள்.

ஏழாம்நாள் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். சென்சார் தவறலாம், விடியல் விதி தவறலாம், வித்து எவ்வளவு என்று தெரியாது. பிறகு எதற்கு இந்த மாடல்? 7 நாளைக்கு ஒருமுறை பாதுகாப்பு மருந்து அடித்துவிட்டால் இந்தக் கவலையே இல்லையே. பல பருவங்களாக அப்படித்தான் செய்கிறேன், பழம் சுத்தமாகத்தான் வருகிறது.

ஈரமானி எழுதியது:

ஏழாம்நாள் அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது, அதற்கு நேராகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

7 நாள் அட்டவணை காப்பாற்றுவது அந்த 7 நாளும் மழை எப்படிப் பெய்தது என்பதைப் பொறுத்தது. கேப்டான், மேன்கோசெப் போன்ற மருந்துகள் இலையின் மேல்தான் இருக்கின்றன. பொதுவான கணக்கு என்னவென்றால் 25 மில்லிமீட்டர் மழை மருந்தில் ஏறக்குறையப் பாதியைக் கழுவிவிடும், 50 மில்லிமீட்டரில் அநேகமாக எல்லாம் போய்விடும். மருந்து அடித்த மறுநாளே 50 மில்லிமீட்டர் பெய்தால் அடுத்த 6 நாள் உங்கள் மரம் திறந்து கிடக்கிறது, நாட்காட்டியில் மட்டும் பாதுகாப்பு இருக்கிறது. மறுபக்கம், 7 நாளும் வறண்டு கிடந்தால் அடுத்த மருந்து வீண்.

இன்னொன்று இலை வளர்ச்சி. இளஞ்சிவப்பு மொட்டிலிருந்து இதழ் உதிர்வு வரை மரம் வேகமாக இலை விடுகிறது. போன வாரம் மொட்டுக்குள் இருந்த இலைக்கு மருந்து படவே இல்லை. அதே நேரத்தில்தான் அஸ்கோஸ்போர்களும் உச்சத்தில் இருக்கும். இலை முதிர முதிரத் தானாகவே எதிர்ப்பு வந்துவிடுகிறது, அதனால் பூஞ்சைக்கு வேண்டியது மருந்தில்லாத அந்த இளசுதான். வெதுவெதுப்பான வாரத்தில் 7 நாள் என்பது நீளம். குளிர்ந்த வாரத்தில் அதுவே தேவைக்கு அதிகம்.

மாடல் தருவது ஒரு நேரம். நாளை மறுநாள் மழை என்று முன்னறிவிப்பு வந்தால், அதை மாடலில் ஓட்டி 9 மணி நேரம் தாண்டுமா என்று பார்க்கலாம். தாண்டும் என்றால் மழைக்கு முந்தைய நாள் அடிக்கலாம், அப்போது புது இலைக்கும் மருந்து பட்டிருக்கும். மருந்தின் எண்ணிக்கை குறைவதும் கூடுவதும் அந்தந்தப் பருவத்தைப் பொறுத்தது. மழை அதிகமான வசந்தத்தில் மாடல் உங்கள் அட்டவணையைவிட அதிகமாகக்கூட அடிக்கச் சொல்லும்.

உங்கள் பழம் சுத்தமாக வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: பல பருவங்களாகச் சுத்தமாக வைத்திருப்பதால் சருகில் வித்தே குறைவு. அப்படியானால் மாடலை நம்பி மருந்தைக் குறைக்க உங்களைவிட நல்ல நிலையில் இங்கே யாரும் இல்லை.

ஏழாம்நாள் எழுதியது:

மழை கழுவும் கணக்கை ஒத்துக்கொள்கிறேன், மழைமானி வைத்து நானும் அதைப் பார்ப்பேன். ஆனால் முன்னறிவிப்பை நம்பி மருந்தை நிறுத்திவைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. 2 மணி நேரத் தூறல் என்று சொல்லிவிட்டு நாள் முழுக்கப் பெய்த மழை எத்தனையோ.

கம்பித்தகடு எழுதியது:

அதற்காகத்தான் முன்னறிவிப்பை இருமுறை ஓட்ட வேண்டும். ஒருமுறை சொன்னபடி, ஒருமுறை ஈர நேரத்தைச் சில மணி நேரம் நீட்டி. இரண்டிலும் தொற்று இல்லை என்றால் விடலாம். நீட்டினால் மட்டும் தொற்று வருகிறது என்றால், அது எல்லையில் நிற்கும் மழை. மருந்து இல்லாத புது இலை எவ்வளவு இருக்கிறது என்று தோட்டத்தில் பார்த்து முடிவெடுங்கள்.

பச்சைநுனி எழுதியது:

புது விவரம். நேற்று காலை 9 மணிக்கு இலை காய்ந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா? மாலை 4 மணிக்கு மறுபடி மழை பிடித்துக்கொண்டது. இரவு 11 மணி வரை இலை ஈரம். வெப்பநிலை அதே 11 டிகிரி அளவில்தான். இப்போது இரண்டாவது மாடலும் "தொற்று" என்று மாறிவிட்டது! இரண்டாவது மழை 7 மணி நேரம்தானே, எப்படி?

ஈரமானி எழுதியது:

இரண்டு ஈரங்களையும் சேர்த்துவிட்டது. நடுவில் இலை காய்ந்திருந்தது 7 மணி நேரம். முளைக்கத் தொடங்கிய வித்துகள், இலை கொஞ்ச நேரம் காய்ந்தால் எல்லாமே செத்துவிடுவதில்லை, ஈரம் திரும்பினால் ஒரு பகுதி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆகவே 24 மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி என்றால் இரண்டையும் கூட்டுவது இப்போது பல மாடல்களின் விதி. சில பழைய கணக்குகள் இதைவிடச் சிறிய இடைவெளியிலேயே புதிதாக எண்ணத் தொடங்கிவிடும்.

உங்கள் கணக்கு: காலை 6 முதல் 9 வரை 3 மணி, மாலை 4 முதல் இரவு 11 வரை 7 மணி, கூட்டினால் 10. தேவை 9. தாண்டிவிட்டது. பள்ளத்தில் காலையில் 9 மணிக்குப் பிறகும் ஈரம் இருந்ததாகச் சொன்னீர்கள், அங்கே இன்னும் அதிகம். அதோடு மாலை மழை வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கியது, புதிதாகவும் வித்து வெளியேறியிருக்கும்.

வித்து படிந்தது நேற்று காலை 6 மணியிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கேப்டான் வகை மருந்துகள் தொற்று தொடங்கிய பின் சுமார் ஒரு நாளுக்குள் மட்டுமே கொஞ்சம் உதவும். அந்த நேரம் போய்விட்டது. டைஃபெனோகொனசோல் போன்றவை இலைக்குள் ஊடுருவி, தயாரிப்பைப் பொறுத்து 2, 3 நாள் வரை பின்னோக்கிப் போய்ப் பிடிக்கும். லேபிளில் ஆப்பிளுக்கும் இந்த நிலைக்கும் அனுமதி இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக அடிக்காமல் பாதுகாப்பு மருந்தோடு கலந்து அடியுங்கள். பூ விரிவதற்கு முன் முடிந்துவிட்டால் தேனீக்களுக்கும் நல்லது.

சருகுக்குவியல் எழுதியது:

ஈரமானி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மாடல் கையில் இருக்கும்போது "தொற்று நடக்கட்டும், பிறகு பின்னோக்கிப் பிடிக்கும் மருந்தை அடிக்கலாம்" என்ற பழக்கம் மெதுவாக வந்துவிடும். மருந்து மிச்சமாவதுபோலத் தெரியும். ஆனால் அப்போது நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட பூஞ்சையின் மேல் மருந்தைச் செலுத்துகிறீர்கள், அதில் தாங்கிக்கொள்பவை மட்டும் மிஞ்சுகின்றன. சொறிநோய்ப் பூஞ்சை டோடின் என்ற மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது, பென்சிமிடசோல் குழுவுக்கு வளர்த்துக்கொண்டது, டைஃபெனோகொனசோல் சேர்ந்த ட்ரையசோல் குழுவுக்குப் பல இடங்களில் வளர்த்துக்கொண்டது, ஸ்ட்ரோபிலூரின் குழுவுக்கும் வளர்த்துக்கொண்டது. ஒவ்வொன்றும் வந்த புதிதில் அற்புதமாக வேலை செய்தவை. எதிர்ப்பு வந்துவிட்ட தோட்டத்தில் "3 நாள் பின்னோக்கி" என்பது வெறும் அச்சடித்த எண்.

மழைக்கு முன் அடிப்பதே வழக்கமாக இருக்கட்டும். பின்னால் அடிப்பது இந்த மாதிரி நெருக்கடிக்கு.

மொட்டுவெள்ளை எழுதியது:

படித்துக்கொண்டே வருகிறேன், நிறையக் கற்றுக்கொண்டேன். ஒரு சந்தேகம். எனக்குச் சொறியைவிடச் சாம்பல் நோய்தான் தொல்லை. அதற்கும் இதே ஈர நேரக் கணக்குதானா? கருகல் எச்சரிக்கையும் அதே செயலியில் வருகிறது.

கம்பித்தகடு எழுதியது:

இல்லை அக்கா, ஒவ்வொன்றுக்கும் உயிரியல் வேறு.

சாம்பல் நோய்ப் பூஞ்சை, பொடோஸ்பேரா லூக்கோட்ரிக்கா, இலை நனைந்துதான் முளைக்க வேண்டும் என்று இல்லை. நீர் தேங்கினால் அதற்குக் கெடுதல்தான். காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும், மழையில்லாத வெதுவெதுப்பான நாட்களிலேயே பரவும். சொறி மாடல் பச்சை காட்டும் வாரங்களே சாம்பல் நோய்க்கு நல்ல வாரங்களாக இருக்கலாம். அது குளிர்காலத்தை மொட்டுக்குள் கழிப்பதால், கடுங்குளிர் அடித்த ஆண்டுக்குப் பிறகு தொடக்கத்தில் குறைவாக இருக்கும். குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் குறித்துவைப்பது அதற்குப் பயன்படும்.

கோடையில் பழத்தோலில் வரும் கரும்படலம், ஈப்புள்ளி இரண்டுக்கும் ஒவ்வொரு மழையாகப் பார்க்கும் கணக்கு உதவாது. இதழ் உதிர்ந்து 10 நாளுக்குப் பிறகு ஈர மணி நேரங்களைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிரவுன், சட்டன் இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில் 4 மணி நேரமும் அதற்கு மேலும் நீண்ட ஈரங்களைக் கூட்டியபோது, சராசரியாக 273 மணி நேரத்தில் முதல் அறிகுறி தெரிந்தது. இங்கே சென்சாரில் தினம் ஒரு மணி நேரப் பிழை இருந்தால் மாதக் கடைசியில் அது பெரிய பிழையாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

தீக்கருகல் பூஞ்சையே இல்லை, பாக்டீரியா. பூ விரிந்திருக்கும்போது சேரும் வெப்பமும் அதன்மேல் ஒரு நனைதலும்தான் அதன் கணக்கு. மேரிபிளைட், கூகர்பிளைட் என்ற மாடல்கள் அதற்கானவை. செயலியில் பக்கத்திலேயே இருந்தாலும் ஒன்றின் எச்சரிக்கைக்கு மற்றதன் மருந்தை அடித்துவிடக் கூடாது.

மொட்டுவெள்ளை எழுதியது:

நன்றி தம்பி. மழையில்லாத வாரத்தில் ஏன் வந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

ஏழாம்நாள் எழுதியது:

ரிம்ப்ரோ என்ற மாடல் பற்றி யாரும் சொல்லவில்லையே? அட்டவணை பார்க்கும் மாடலைவிட அது மேல் என்கிறார்கள்.

ஈரமானி எழுதியது:

நெதர்லாந்தின் மார்க் டிராப்மன் உருவாக்கியது அது. இத்தாலியில் ரொஸ்ஸியும் அவரோடு இருந்தவர்களும் 2007-இல் வெளியிட்ட ஏ-ஸ்கேப் மாடலும் அதே வழிதான். அட்டவணை "நேரம் தாண்டியதா" என்று ஒரே கேள்வி கேட்கிறது. இவை மணிக்கு மணி வித்துகளைப் பின்தொடர்கின்றன: எவ்வளவு முதிர்ந்தது, எவ்வளவு வெளியேறியது, எவ்வளவு முளைத்தது, காய்ந்ததில் எவ்வளவு செத்தது, எவ்வளவு உள்ளே போனது. பச்சைநுனியின் மழை போல இடையில் காய்ந்து மறுபடி நனைந்த சூழலில் இவற்றின் வரைபடம் மிகத் தெளிவாக இருக்கும். இயற்கை முறைத் தோட்டங்களில் சுண்ணாம்புக் கந்தகக் கரைசலை வித்து முளைக்கும் அந்தக் குறுகிய நேரத்துக்குள், ஈர இலையின் மேலேயே அடிக்கிறார்கள். அந்த நேரத்தைக் கண்டுபிடிக்க இவை போன்ற மாடல் இல்லாமல் முடியாது.

ஆனால் இலை ஈரமும் மழையும் உங்கள் தோட்டத்தோடு பொருந்தவில்லை என்றால் இவையும் அதே பிழையை அழகாக வரைந்து காட்டும்.

பச்சைநுனி எழுதியது:

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அன்று நீங்கள் சொன்னபடி கலந்து அடித்தேன். மேட்டிலும் பள்ளத்திலும் சில மரங்களை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அடித்த மரங்களில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. மேட்டில் விட்ட மரங்களிலும் இல்லை. பள்ளத்தில் விட்ட மரங்களில் பூங்கொத்தை ஒட்டிய இலைகளில் ஆலிவ் நிறத்தில் மங்கலான புள்ளிகள், பல இலைகளில் அடிப்பக்கத்தில். பள்ளத்தில் ஈரம் அதிக நேரம் நின்றதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

சருகுக்குவியல் எழுதியது:

மரங்களை விட்டுவைத்தது அருமையான காரியம் தம்பி, அது இல்லாமல் மருந்து வேலை செய்ததா, நோயே வரவில்லையா என்று சொல்லவே முடிந்திருக்காது. புள்ளி தெரிய வெப்பநிலையைப் பொறுத்து 9 முதல் 17 நாள் ஆகும், உங்கள் மழைக்கு அது பொருந்துகிறது. இலையின் அடிப்பக்கம் பார்த்ததும் சரியான இடம். மொட்டு விரியும்போது முதலில் வெளியே தெரிவது அந்தப் பக்கம்தான்.

ஆனால் ஈரம் மட்டும்தான் காரணம் என்று எழுதிவிட வேண்டாம். சென்ற ஆண்டு புள்ளி இருந்ததும் அதே பள்ளத்தில். சருகு குவிந்ததும் அங்கேதான் இருக்கும். ஈரமும் வித்தும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன, இந்த ஒரு பருவத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இந்த இலையுதிர் காலத்தில் பள்ளத்தில் ஒரு பாதிக்கு மட்டும் யூரியா தெளித்து, சருகையும் அரைத்துப் பாருங்கள். ஈரம் இரண்டு பாதிக்கும் ஒன்றாகவே இருக்கும். அடுத்த வசந்தத்தில் வித்தியாசம் தெரிந்தால் அது வித்தின் வித்தியாசம்.

இப்போதைக்கு அந்தப் புள்ளிகளிலிருந்து கொனிடியா என்ற இரண்டாம் கட்ட வித்துகள் வந்துகொண்டிருக்கும். அவற்றுக்குச் சருகும் வேண்டாம், பகல் வெளிச்சமும் வேண்டாம். மழைத்துளி தெறித்தாலே பக்கத்து இலைக்குப் போகும். ஆகவே பள்ளத்துக்கு இனி இரவு விதியை அணைத்துவிட்டு, மழை தொடங்கியதிலிருந்தே எண்ணுங்கள். மேட்டில் அஸ்கோஸ்போர் காலம் முடியும் வரை புள்ளி வரவில்லை என்றால் அங்கே மருந்தைத் தாராளமாகக் குறைக்கலாம்.

பச்சைநுனி எழுதியது:

அப்படியே செய்கிறேன். அஸ்கோஸ்போர் காலம் முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? மாடல் இப்போது 90 சதவீதம் முதிர்ந்துவிட்டது என்கிறது. ஆனால் இங்கே 10 நாளாகத் துளி மழை இல்லை.

ஈரமானி எழுதியது:

முதிர்ச்சிக் கணக்கு கடூரியும் மக்ஹார்டியும் 1982-இல் தந்தது. மொட்டு பச்சை நுனி காட்டும் சமயத்திலிருந்து, 0 டிகிரிக்கு மேல் உள்ள வெப்பத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போகும். வெப்பத்தை மட்டுமே பார்க்கும் என்பதுதான் அதன் குறை. சருகு காய்ந்து கிடந்தால் வித்து முதிர்வது நின்றுவிடும், கணக்கு மட்டும் ஓடும். அதனால் தொடர்ந்து 7 நாள் மழையில்லை என்றால், மறுபடி மழை வரும்வரை கூட்டுவதை நிறுத்தும் திருத்தம் வந்திருக்கிறது. உங்கள் மாடலில் அந்தத் திருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த 90 உண்மையில் அதைவிடக் குறைவு, அடுத்த மழையில் நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிக வித்து வெளியேறும். முடிந்துவிட்டது என்று எண்ணி மேட்டில் மருந்தை நிறுத்த வேண்டாம், அந்த மழைக்கு முன் ஒருமுறை அடித்துவிடுங்கள்.

பச்சைநுனி எழுதியது:

பார்த்தேன் ஐயா, அமைப்பில் அந்தத் தேர்வு இருக்கிறது, அணைந்து கிடந்தது. போட்டதும் 90 என்பது 78 ஆகிவிட்டது. வியாழக்கிழமை மழை என்கிறார்கள், புதன்கிழமை அடிக்கிறேன்.